அன்னி எர்னோவும் அண்ணாச்சி கடையும்

சென்னையில் பிரெஞ்சு என்பது ஒரு மொழி இல்லை, அது ஒரு மார்க். தமிழ் எடுத்தால் எண்பதைத் தாண்டாது, பிரெஞ்சு எடுத்தால் தொண்ணூற்றைந்துக்குக் குறையாது என்று யாரோ எப்போதோ கிளப்பிவிட்டார்கள். அதிலிருந்து நங்கநல்லூரில் தெருவுக்குப் பத்துப் பிள்ளைகள் 'போன்ஜூர்' சொல்லிக்கொண்டு திரிகின்றன. என் பெண்ணும் அப்படித்தான் எடுத்தாள், மார்க்கும் வாங்கினாள். 2022 அக்டோபரில் அன்னி எர்னோவுக்கு நோபல் என்று செய்தி வந்ததும், "உங்க பிரெஞ்சு புக்ல இவங்க இருக்காங்களாம்மா?" என்று கேட்டேன். "எங்க புக்ல ஈஃபிள் டவரும் சீஸும்தான்பா இருக்கு" என்றாள். சரிதான்.

நான் எர்னோவை வாங்கியதற்கு இலக்கியக் காரணம் ஏதும் கிடையாது. புத்தகம் ஒல்லியாக இருந்தது. பழவந்தாங்கலில் ஏறி பீச் ஸ்டேஷனில் இறங்குகிற எனக்கு நாலு நாளில் முடிந்துவிடும் போலத் தெரிந்தது. பிரெஞ்சில் 'லா ப்ளாஸ்' என்று 1983-ல் வந்து, அடுத்த வருஷம் ரெனோதோ பரிசு வாங்கிய புத்தகம். நான் படித்தது ஆங்கிலத்தில். முழுக்க முழுக்க அவருடைய அப்பாவைப் பற்றியது. அப்பா முதலில் பண்ணைக் கூலி. அப்புறம் ஃபாக்டரித் தொழிலாளி. கடைசியில் நார்மண்டியில் இவெத்தோ என்ற சிற்றூரில் மளிகைக் கடையும் காப்பிக்கடையும் சேர்ந்த மாதிரி ஒன்றை நடத்தியவர். மகள் படித்து ஆசிரியை ஆகிறார். அதற்கான தேர்வில் தேறிய இரண்டே மாதத்தில், 1967-ல், அப்பா போய்விடுகிறார். படித்த மகளுக்கும் கடைக்கார அப்பாவுக்கும் நடுவில் மெதுவாக வளர்ந்த தூரம்தான் கதை. கதை என்று சொல்லவும் கூடாது. இப்படிப்பட்ட ஒரு வாழ்க்கையை நாவலாக ஜோடித்தால் அது துரோகம் என்று நினைத்து, வீட்டுக்குக் கடுதாசி எழுதுகிற மாதிரி தட்டையான மொழியில் எழுதினாராம்.

மளிகைக் கடை என்றதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கப்பாவும் மளிகைக் கடைதான்.

சாத்தான்குளம் பக்கத்திலிருந்து பட்டணம் வந்து, யார் யார் கடையிலோ பொட்டலம் மடித்து, 1978-ல் நங்கநல்லூரில் சொந்தமாகக் கடை போட்டார். அப்போது இங்கே ஆஞ்சநேயர் கோயிலும் இல்லை, மெட்ரோவும் இல்லை. ஆலந்தூர் நகராட்சி, கிணறு, ரிட்டையர் ஆனவர்கள் கட்டிய வீடுகள், ராத்திரியானால் ஏர்ப்போர்ட் சத்தம். அப்பாவுக்கு ஊரில் பெயரே கிடையாது, எல்லோருக்கும் அண்ணாச்சி. அவருக்கும் மற்றவர்கள் பெயர் தேவைப்படவில்லை. கடன் நோட்டில் 'மாடி வீட்டு மாமி', 'ஏர்ப்போர்ட் சார்', 'நாலாவது தெரு டீச்சர்' என்றுதான் எழுதுவார். அந்த நோட்டுகளில் மூன்று இன்னும் எங்கள் பரணில் இருக்கின்றன. அடிக்காத கணக்குகள் ஏராளம். வசூல் ஆகாததற்குப் பக்கத்தில் ஒரு சின்ன வட்டம் போட்டிருப்பார். எதற்கு அந்த வட்டம் என்று அவரிடம் கேட்டுவைத்தவர்கள் யாரும் வீட்டில் இல்லை.

ஆக, நானும் அப்பாவைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். இரண்டு பக்கம் எழுதியதுமே தெரிந்துவிட்டது, இது லேசுப்பட்ட காரியம் இல்லை என்று. எழுத எழுத, எது எனக்கு ஞாபகம் இருக்கிறது, எது யாரோ சொல்லி ஞாபகம் மாதிரி ஆகிவிட்டது என்று பிரிக்க முடியவில்லை. கடை திறந்த நாளன்று கல்லாப்பெட்டிக்குச் சந்தனம் தடவியதை நான் 'பார்த்திருக்கிறேன்'. ஆனால் நான் பிறந்ததே அடுத்த வருஷம்தான்!

இந்தத் தகராறைப் பிரெஞ்சுக்காரர்கள் ஐம்பது வருஷமாகப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். 1975-ல் ஃபிலிப் லெஜூன் என்ற அறிஞர் தன்வரலாற்றுக்கு ஒரு ஒப்பந்தம் உண்டு என்றார். எழுதுபவர், 'நான்' என்று பேசுபவர், கதையில் வருபவர் மூவரும் ஒரே பெயர், ஒரே ஆள். அட்டையில் இருக்கிற பெயர்தான் கையெழுத்து. வாசகன் அதை நம்பித்தான் படிக்கிறான். இப்படி வகைவகையாகப் பிரித்து ஒரு அட்டவணை போட்டபோது அதில் ஒரு கட்டம் காலியாக நின்றது. நாவல் என்று சொல்லிவிட்டு, நாயகனுக்கு ஆசிரியரின் பெயரையே வைத்தால்? அந்தக் காலிக் கட்டத்தில் போய் உட்கார்ந்தவர் செர்ஜ் துப்ரோவ்ஸ்கி. 1977-ல் தன் நாவலுக்கு 'ஓட்டோஃபிக்ஸியோன்' என்று ஒரு புதுப்பெயர் சூட்டினார். நம்ம ஊரில் தன்புனைவு என்கிறார்கள். சம்பவம் எல்லாம் நிஜம், கட்டுமானம் நாவலுடையது என்று புரிந்துகொண்டால் போதும்.

அதே 1975-ல் ஜார்ஜ் பெரெக் ஒரு புத்தகம் போட்டார். 'டபிள்யூ, அல்லது பால்ய நினைவு' என்று சொல்லலாம். பெரெக்கின் அப்பா 1940-ல் பிரான்ஸுக்காகப் போரில் செத்தார். அம்மாவை 1943-ல் யூதர் என்று பிடித்து ஆஷ்விட்ஸ் முகாமுக்கு அனுப்பினார்கள், திரும்பவில்லை. பையனுக்குக் கையில் சில போட்டோக்கள், பாதி ஞாபகங்கள். இதை வைத்துக்கொண்டு எழுதுகிறார். ஒரு ஞாபகத்தைச் சொல்வது, பிறகு அடிக்குறிப்பில் 'இது தப்பு, நடந்திருக்க வாய்ப்பில்லை' என்று அவரே திருத்துவது என்று போகிறது. என் கல்லாப்பெட்டிச் சந்தனத்துக்கு இவர்தான் ஆறுதல். மார்கரித் துராஸ் இதற்கும் ஒரு படி மேலே. எழுபது வயதில், 1984-ல், சைகோனில் கழிந்த தன் பதினைந்து வயதைப் பற்றி 'லாமான்' எழுதி கோன்கூர் பரிசு வாங்கினார் (தமிழில் நாகரத்தினம் கிருஷ்ணா 'காதலன்' என்று மொழிபெயர்த்திருக்கிறார்). ஏழு வருஷம் கழித்து அதே கதையை வேறு மாதிரி இன்னொரு புத்தகமாக எழுதினார். எதும்மா நிஜம் என்று கேட்டால் இரண்டும்தான்.

இதெல்லாம் அங்கே, நமக்கு இதற்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்கிறவர்களுக்கு: நிறைய இருக்கிறது. அதுவும் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட மண்ணிலேயே. புதுச்சேரியில் துய்ப்ளெக்ஸுக்குத் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736-லிருந்து 1761-ல் தான் சாகும்வரை நாட்குறிப்பு எழுதினார். எழுதியது பேச்சுத் தமிழில். யார் வந்தார், யார் என்ன பேசினார், எந்தக் கப்பல் வந்தது, யார் யாரைப் பற்றிக் கோள் சொன்னார், எல்லாம் உண்டு. இருபத்தைந்து வருஷம் எழுதியதை 1846-ல்தான் கண்டெடுத்தார்கள். ஞாபகத்தை நம்பாத மனுஷன் என்று எனக்கு அவரைப் பிடிக்கும். அன்றைக்கு நடந்ததை அன்றைக்கே எழுதிவிடுவது வியாபாரியின் புத்தி. அப்பாவின் கடன் நோட்டும் அந்த ஜாதிதான்.

அதே புதுச்சேரியில் இருந்தபோதுதான் பாரதியும் 1910-ல் தன் சிறுவயதை, 'கனவு' என்று பெயர் வைத்துச் செய்யுளாக எழுதினார். சொந்தக் கதைக்குக் கனவு என்று பெயர். ஞாபகத்தின் லட்சணத்தை அவர் நன்றாகத்தான் புரிந்துவைத்திருக்கிறார். இதற்கு நேர் எதிர் உ.வே.சா. எண்பத்தைந்து வயதை நெருங்கும்போது, 1940-ல், ஆனந்த விகடனில் 'என் சரித்திரம்' ஆரம்பித்தார். 1942-ல் அவர் காலமானபோது தொடர் முடியவில்லை. புத்தகமாக வந்தது 1950-ல். அறுபது எழுபது வருஷத்துக்கு முந்தைய சாப்பாடும் வழிநடையும் பேச்சும் நேற்று நடந்த மாதிரி வரும். எனக்கு அதில் ரொம்பப் பிடித்தது, தெய்வமாக நினைத்த தன் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வறுமையையும் அவர் மறைக்காததுதான். மரியாதை குறையாமல் வறுமையை எழுத முடியும் என்பதற்கு அதைவிட வேறு பாடம் வேண்டாம்.

தட்டையான மொழி என்றால் நமக்கு அசோகமித்திரன் இருக்கிறார். எர்னோவைப் படிக்கும்போது அடிக்கடி அவர் முகம்தான் வந்தது. 1947-48-ல் செகந்திராபாத்தில் ஒரு பையன் பார்த்ததை '18வது அட்சக்கோடு' (1977) ஆக்கினார். பையன் பெயர் சந்திரசேகரன், அசோகமித்திரன் இல்லை. ஆனால் அசோகமித்திரன் பிறந்து வளர்ந்ததும் செகந்திராபாத்தில்தான். சத்தம் போடாமல், அழாமல், ஒரு குமாஸ்தா ஃபைலில் குறிப்பு எழுதுகிற மாதிரி எழுதி நம்மை அழவைப்பார். 2017-ல் போய்விட்டார். வேளச்சேரி எங்களுக்குப் பக்கம்தான், ஒருநாள் போய்ப் பார்த்திருக்கலாம்.

ஆனால் பாரிஸில் உட்கார்ந்துகொண்டு தமிழில் தன்புனைவு எழுதுகிறவர் என்றால் அது ஷோபாசக்தி. நிஜப்பெயர் அந்தோணிதாசன். யாழ்ப்பாணத்து அல்லைப்பிட்டிக்காரர், சின்ன வயதில் புலிகள் இயக்கத்தில் இருந்துவிட்டு வெளியேறியவர், 1993-ல் பிரான்ஸுக்குப் போனவர். 2001-ல் வந்த 'கொரில்லா' நாவல் ஒரு அகதி விண்ணப்பத்தோடு ஆரம்பிக்கும். விண்ணப்பிப்பவர் பெயரும் அந்தோணிதாசன்தான். லெஜூன் சொன்ன ஒப்பந்தத்தை இந்த இடத்தில் நினைத்துப் பாருங்கள். நமக்கெல்லாம் வாழ்க்கை வரலாறு எழுதுவது பொழுதுபோக்கு. அகதிக்கு அது பரீட்சை. பிறந்த தேதி, பிடித்துக்கொண்டு போன தேதி, அடித்த இடம், தப்பித்த வழி என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்ல வேண்டும். முதல் தடவை சொன்னதும் இரண்டாம் தடவை சொன்னதும் ஒத்துப்போகவில்லை என்றால் 'நம்பத்தகுந்ததாக இல்லை' என்று நிராகரித்துவிடுவார்கள். துராஸ் ஒரே ஞாபகத்தை இரண்டு விதமாக எழுதினால் இலக்கியம். அந்தோணிதாசன் இரண்டு விதமாகச் சொன்னால் விமானம் ஏற்றிவிடுவான். இதே ஷோபாசக்தி நாயகனாக நடித்த 'தீபன்' படத்துக்கு 2015-ல் கான் விழாவில் தங்கப்பனை கிடைத்தது. அந்தப் படத்தில் மூன்று பேர் செத்துப்போனவர்களின் பாஸ்போர்ட்டில் ஒரு பொய்க் குடும்பமாகப் பிரான்ஸ் வருகிறார்கள். கடவுச்சீட்டில் இருக்கிற வாழ்க்கை அவர்களுடையது இல்லை, ஆனால் அதை மனப்பாடம் செய்தாக வேண்டும்.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

கடையை 1999-ல் மூடினோம். தெருமுனையில் பெரிய பெரிய கடைகள் வந்தன, ரொக்கக்காரர்கள் அங்கே போனார்கள், கடன்காரர்கள் மட்டும் அப்பாவிடம் மிச்சம். அதற்கப்புறம் அப்பா மாம்பலத்தில் ஒரு நண்பரோடு சேர்ந்து மொத்த வியாபாரம் பார்த்தார். நான் அப்போது கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்தேன். லீவுக்கு வரும்போது காலையில் ஒரு ரெக்ஸின் பையோடு கிளம்புவார், ராத்திரி ஒன்பதரைக்கு வருவார். 2003 வரை அப்படிப் போனார், 2011-ல் காலமானார். நான் எழுதியதும் அப்படித்தான்: 'கடைசிக் காலத்தில் மொத்த வியாபாரத்தில் பங்குதாரராக இருந்தார்.'

அக்காவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். அரை மணி நேரத்தில் போன்.

"டேய், அந்த மொத்த வியாபாரத்த எடுத்துடு."

"ஏன்க்கா?"

"அது பொய். எழுதினா பொய் ஆயிடும்."

"அப்ப நெஜம் என்ன?"

"அதையும் எழுதாத."

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். 1999 தீபாவளிக்கு முன்னால் ப்ளவுஸ் தைக்கக் கொடுக்க தி. நகர் போயிருக்கிறாள். ஒரு பெரிய கடையில் டெலிவரி கவுன்ட்டரில் அப்பா நிற்கிறார். அந்தக் கடையின் காக்கி யூனிஃபார்ம் சட்டை. தன்னைவிட முப்பது வயது சின்னப் பையன்களோடு நின்று பார்சல் கட்டிக்கொண்டிருக்கிறார். இவள் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். குனிந்து கயிற்றைக் கட்டத் தொடங்கிவிட்டார். அக்கா வந்துவிட்டாள். "அன்னைக்கு ராத்திரி சாப்பிடறப்ப எங்கிட்ட மட்டும் 'போதுமாம்மா, போதுமாம்மா'ன்னு ரெண்டு தடவ கேட்டார்டா. அவ்ளோதான். சாகறவரைக்கும் அதப் பத்தி ஒரு வார்த்த பேசினதில்ல."

பங்குதாரரும் இல்லை, மொத்த வியாபாரமும் இல்லை. இருபது வருஷம் முதலாளியாக இருந்தவர் மறுபடி பொட்டலம் மடிக்கப் போயிருக்கிறார். எனக்கு ஃபீஸ் கட்டியது அதில்தான்.

"இது என்னோட ஞாபகம். உன்னோடது இல்ல. நீ எப்படி எழுதுவ?" என்று கேட்டாள் அக்கா. நியாயமான கேள்வி. இதற்கு எர்னோவிடமும் சுலபமான பதில் கிடையாது. அவர் பிறப்பதற்கு முன்பே, 1938-ல், தொண்டை அடைப்பான் நோயில் செத்துப்போன ஒரு அக்கா இருந்தாள் என்பதே அவருக்குப் பத்து வயதில்தான் தெரியும். அம்மா வேறொரு பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்திருக்கிறது. அப்பாவும் அம்மாவும் கடைசிவரை அவரிடம் நேராகச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. இருவரும் போன பிறகுதான், 2011-ல், எழுதினார். பெற்றவர்கள் மறைத்ததைப் பிள்ளை எழுதலாமா? அவர் எழுதினார். ஆனால் அறுபது வருஷம் காத்திருந்தார்.

காத்திருக்காதவர்கள் பட்டபாடும் தெரிந்ததுதான். துப்ரோவ்ஸ்கி தன் கல்யாண வாழ்க்கையை எழுதிக்கொண்டே மனைவியிடம் அத்தியாயம் அத்தியாயமாகப் படிக்கக் கொடுத்தார். புத்தகம் முடியும் முன்பே, 1987-ல், அந்தப் பெண் இறந்துபோனார். அதையும் புத்தகத்தில் சேர்த்து 1989-ல் வெளியிட்டார், பரிசும் கிடைத்தது. எனக்கு அதைப் பற்றிப் படித்ததிலிருந்து அவர்மேல் ஒரு பயம். எமானுவேல் கரேர் என்பவரின் முன்னாள் மனைவி இன்னும் உஷார். என் சம்மதம் இல்லாமல் என்னைப் பற்றி எழுதக்கூடாது என்று விவாகரத்தின்போதே எழுதி வாங்கிவிட்டார். 2020-ல் அவருடைய 'யோகா' வந்தபோது அந்த ஒப்பந்தம் பெரிய சர்ச்சை ஆனது. நம் பக்கத்தில் பாமா. 1992-ல் 'கருக்கு' வந்தபோது எங்களை இப்படி ஊர் உலகத்துக்குக் காட்டிவிட்டாயே என்று சொந்த ஊர்க்காரர்களுக்கே கோபம். சில மாதங்கள் ஊருக்குப் போகமுடியாத நிலை. பிறகு படித்தவர்கள் படிக்காதவர்களுக்கு வாசித்துக்காட்ட, இது நம் கதைதான் என்று ஏற்றுக்கொண்டார்கள். அவமானம் என்று மூடிவைத்தது, எழுதி வாசித்ததும் வேறு ஏதோவாக மாறியிருக்கிறது. எர்னோவின் புத்தகமும் இந்த இடத்தில்தான் நிற்கிறது என்று எனக்குப் படுகிறது. அவமானம் அப்பாவுடையதா, அப்பாவைப் பார்த்துக் கூசிய நம்முடையதா?

அக்கா, நான், அம்மா மூன்று பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பேசினோம். அம்மாவுக்கு எழுபத்தெட்டு. காலையில் மாத்திரை போட்டது சாயங்காலம் ஞாபகம் இருக்காது, 1980-ன் துவரம்பருப்பு விலை ஞாபகம் இருக்கும். அக்கா தயங்கித் தயங்கி அந்தக் காக்கிச் சட்டையைப் பற்றிச் சொன்னாள். இருபத்தைந்து வருஷமாக அம்மாவுக்குத் தெரியக்கூடாது என்று வைத்திருந்த ரகசியம்.

அம்மா கொஞ்சமும் அசரவில்லை. "காக்கி இல்லட்டீ. நீலம்."

எங்கள் இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை.

"ரெண்டு சட்ட. ரெக்ஸின் பைக்குள்ள சுருட்டி வச்சு கொண்டாருவாவ. நீங்க ஒறங்குன பொறவு தொவச்சு, உள்கொடியில காயப்போட்டு, காலம்பற மடிச்சு பையில வச்சுருவேன்."

"அப்பா சொன்னாரா?"

"இல்லல."

"நீ கேக்கலியாம்மா?"

"கேட்டா அவுக பதில் சொல்லணும்லா. அதான் கேக்கல."

நாலு வருஷம். சட்டையைப் பையில் வைத்துக் கொண்டுவருகிறவருக்கு அது துவைத்து மடித்து வருவது தெரியாமலா இருக்கும்? ஒரு வீட்டுக்குள் மூன்று பேர் ஒரே விஷயத்தைத் தனித்தனியாகத் தெரிந்துவைத்துக்கொண்டு, மற்ற இரண்டு பேரையும் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள். நான் ஒருவன் மட்டும் மொத்த வியாபாரியின் மகனாகக் கோயம்புத்தூரில் மெஸ் சாப்பாட்டைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்று பேரும் சேர்ந்து காப்பாற்றியது என்னைத்தான் போலிருக்கிறது.

அக்கா இன்னும் காக்கி என்றுதான் சாதிக்கிறாள். "நான் கண்ணால பார்த்தேன்" என்கிறாள். "நான் கையால தொவச்சேன்" என்கிறாள் அம்மா. இதில் தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அகதி அலுவலகத்தில் இருந்தால் எங்கள் விண்ணப்பம் அந்த இடத்திலேயே தள்ளுபடி ஆகியிருக்கும். இரண்டு நிறமும் இருக்கட்டும்.

"அம்மா சொன்னதையும் சேர்த்து எழுதறதா இருந்தா எழுதிக்கோ" என்றாள் அக்கா. கடைப் பேர் வரக்கூடாது, அவளுடைய பேர் வரக்கூடாது என்று இரண்டு கண்டிஷன். முதலில் அவளுக்குக் காட்டினேன். ஒரு வரியை அடித்தாள். அது என்ன என்று சொல்லமாட்டேன் :-)

எர்னோ 2008-ல் 'லெஸ் ஆனே' என்று ஒன்று எழுதினார், 'வருஷங்கள்' என்று அர்த்தம். அறுபது வருஷ வாழ்க்கை, ஆனால் 'நான்' என்ற சொல்லையே தவிர்த்துவிட்டு 'அவள்', 'நாம்' என்று போகும். படிக்கும்போது அது ஏதோ யுக்தி என்று நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. அப்பாவைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் முக்கியமானது எதுவும் நான் பார்த்ததில்லை. அக்கா பார்த்தாள், அம்மா துவைத்தாள், நான் எழுதுகிறேன். இதில் 'நான்' எங்கே வருகிறது?

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா சொல்லச் சொல்ல எழுதிக்கொள்கிறேன். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'சொன்னது யார், எந்தத் தேதியில்' என்று குறிக்கிறேன். அக்கா வேறு மாதிரி சொன்னால் அடிக்காமல் கீழே எழுதுகிறேன். கடன் நோட்டின் வட்டத்தைப் பற்றியும் போன வாரம் கேட்டேன். "அது திருப்பிக் கேக்கக்கூடாதவங்கன்னு அர்த்தம்ல" என்றாள் அம்மா. நிஜமாகவே அப்பா சொன்னதா, அம்மாவே நினைத்துக்கொண்டதா தெரியாது. பக்கத்தில் 'அம்மா சொன்னது' என்று எழுதித் தேதி போட்டுவிட்டேன்.

உங்கள் வீட்டிலும் ஒரு ரெக்ஸின் பை இருக்கும். சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்டு வையுங்கள்.